முப்பது காசு கூலி வாங்கிய தேநீர் மேதை

கூட்டம் என்றால் தேத்தண்ணி இல்லாமல் முடியாது. பேச வந்தவர் எவ்வளவு நேரம் இழுத்தாலும் கேட்க வந்தவர்கள் எழுந்து போகாமல் இருப்பது அடுப்பில் ஏறியிருக்கும் பெரிய கேத்தலுக்காகத்தான். பல வருஷமாகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றும் நமக்கு இது நன்றாகத் தெரியும். அண்மையில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் மூன்று கேத்தல் வைத்திருந்தார்கள். ஒன்றில் பால் ஊற்றியது, ஒன்றில் இஞ்சி தட்டிப் போட்டது, ஒன்றில் வெறும் தே ஓ. எது நல்ல தேத்தண்ணி என்று பெண்கள் பக்கத்தில் வாக்குவாதம் கிளம்பிவிட்டது. சம்பள விஷயம் பேசியபோதுகூட மண்டபத்தில் அவ்வளவு சூடு இல்லை! கடைசியில் ஒரு பாட்டி நம்மைப் பார்த்து, இதுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல ஆளு இருந்துச்சா தம்பி என்று கேட்டார்.

இருந்தது பாட்டி. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் சீனத்தில் இருந்தது. அவர் பெயர் லூ யூ. தேநீருக்கென்று உலகில் எழுதப்பட்ட முதல் நூல் அவருடையது. அவர் கதையை எழுதுகிறோம் என்று அன்று வாக்குக் கொடுத்தோம். இதோ எழுதிவிட்டோம்.

தாங் வம்சத்து அரசர்கள் சீனத்தை ஆண்ட காலம். லூ யூ பிறந்தது 733-ஆம் ஆண்டு என்பார்கள். யாருக்குப் பிறந்தார் என்பது அவருக்கே தெரியாது. நடுச் சீனத்தில் ஜிங்லிங் என்று ஓர் ஊர். இன்று அதன் பெயர் தியான்மென். ஹூபே மாநிலத்தில் இருக்கிறது. அந்த ஊர் ஏரிக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை அனாதையாகக் கிடந்தது. புத்த மடம் ஒன்றின் தலைவராக இருந்த ஜீஜி என்ற பிக்கு தூக்கி வந்து வளர்த்தார். பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகு, பழைய குறி நூலைப் பிரித்துத் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டதாம். லூ என்றால் மேட்டு நிலம். யூ என்றால் இறகு.

பையன் பார்க்க அழகில்லை, பேச்சும் திக்கும். இது யாரோ வேண்டாதவர் சொன்னதல்ல. 761-இல், இருபத்தொன்பது வயதில், அவரே தம்மைப் பற்றி எழுதி வைத்தது. திக்குவாயாக இருந்தாலும் வாதம் செய்வதில் விடமாட்டாராம். ஒன்பது வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டதும், பிக்கு அவரைப் புத்த வேதம் படிக்கச் சொன்னார். பையனோ, பிள்ளைகுட்டி இல்லாமல் வம்சத்தை அறுத்துக்கொள்வது பெற்றவர்களுக்குச் செய்யும் கடமையாகுமா என்று எதிர்க்கேள்வி போட்டான். கன்பூசியஸ் நூல்களைத்தான் படிப்பேன் என்று அடம் பிடித்தான்.

பெரியவர் சும்மா விடுவாரா? வேலையில் போட்டுவிட்டார். மடத்தைக் கூட்டுவது, கக்கூசு கழுவுவது, சுவருக்கு மண் மிதிப்பது, கூரைக்கு ஓடு சுமப்பது. போதாது என்று முப்பது மாடுகளையும் மேய்க்க விட்டார். எழுதத் தாள் கிடையாது. பையன் மூங்கில் குச்சியால் மாட்டு முதுகில் எழுத்துக் கிறுக்கிப் பழகினான். ஒரு தடவை பெரிய பாட்டு நூல் ஒன்று கைக்கு வந்தது. அதிலுள்ள எழுத்துகள் பாதிக்கு மேல் தெரியாது. என்ன செய்தான் தெரியுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல மேய்ச்சல் வெளியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நூலை விரித்து வைத்து, வாயை மட்டும் அசைத்தான்.

இந்த இடத்தைப் படித்தபோது நமக்கு எங்கள் தோட்டப் பள்ளி ஞாபகம் வந்தது. விடியுமுன் மாட்டை அவிழ்த்துவிட்டு, சாணி மணக்கும் கையோடு வகுப்புக்கு ஓடிவந்த பிள்ளைகள் எங்களோடு படித்தார்கள். வாயை மட்டும் அசைத்தவர்களும் உண்டு.

விஷயம் பிக்குவுக்குத் தெரிந்துபோனது. பையனை வெளியே விடாமல் மடத்துக்குள்ளேயே களை வெட்ட வைத்து, மேற்பார்வைக்கு மூத்த சீடன் ஒருவனையும் நிறுத்தினார். மண்டோர் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். படித்த எழுத்தை மனசில் தேடிக்கொண்டு பையன் சற்று நின்றால், வேலையில் சோம்பல் என்று அடி. படிக்காமலே காலம் போய்விடுமோ என்று அழுதால், மனசில் வஞ்சம் வைத்திருக்கிறான் என்று முதுகில் அடி. ஒரு நாள் அடித்த பிரம்பே முறிந்தது. அன்றோடு பையன் மடத்தைவிட்டு ஓடிப்போனான்.

போய்ச் சேர்ந்தது கூத்தாடிகளிடம். அழகில்லாத முகமும் திக்கும் வாயும் அங்கே கோமாளி வேஷத்துக்கு மூலதனம் ஆயின. நகைச்சுவைத் துணுக்குகளையும் தானே எழுதினான். 746-இல் ஜிங்லிங்கில் பெரிய விருந்து நடந்தபோது, அங்கே அதிகாரியாக வந்திருந்த லீ சிவூ என்பவர் இந்தக் கோமாளியைக் கவனித்தார். கூப்பிட்டு, முதுகைத் தட்டிக்கொடுத்து, புத்தகம் கொடுத்து, மலையில் இருந்த ஒரு வாத்தியாரிடம் படிக்க அனுப்பினார். ஒருவன் வாழ்க்கை இப்படித்தான் திரும்புகிறது. அந்த விருந்துக்கு வேறு ஒரு கூத்துக் கூட்டம் வந்திருந்தால், பாட்டியின் கேள்விக்கு இன்று நம்மிடம் பதில் இருந்திருக்காது.

752-இல் சூயி குவோஃபூ என்ற புலவர் அதே ஊருக்கு உத்தியோகத்தில் வந்தார். அவர் பெரிய மனிதர், வயதானவர். லூ யூ இருபது வயதுப் பையன். இருந்தும் மூன்று வருஷம் இருவரும் இணைபிரியாமல் திரிந்தார்கள். எந்த ஊற்றுத் தண்ணீர் தேநீருக்கு உகந்தது, எந்த மலைத் தேயிலை எதைவிட மேல் என்று ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பதே அவர்களுக்குப் பொழுதுபோக்கு. பிரியும்போது புலவர் ஒரு வெள்ளைக் கழுதை, ஒரு கறுப்பு மாடு, மரத்தில் செய்த புத்தகப் பெட்டி ஒன்று கொடுத்து அனுப்பினாராம். மாட்டு முதுகில் எழுதியவனுக்குச் சொந்த மாடு கிடைத்தது அப்போதுதான்.

அதற்குள் நாட்டில் பெருங்கலகம். 755-இல் அன் லூஷான் என்ற தளபதி அரசரை எதிர்த்துக் கிளம்பினான். வடக்கே ஊர் ஊராக அழிந்தது. 756-இல் அகதிக் கூட்டத்தோடு கூட்டமாக லூ யூவும் யாங்சி ஆற்றைக் கடந்து தெற்கே வந்தார். கடைசியில் ஹூஜோ என்ற ஊரில் ஓடைக்கரையில் குடிசை போட்டார். ஜியாவ்ரான் என்ற கவிஞர் பிக்கு அங்கே உயிர்த்தோழர் ஆனார். கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார். தோன்றினால் தனியாகக் காட்டில் அலைவார். இருட்டிய பிறகு அழுதுகொண்டே வீடு திரும்புவார். ஒருவருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால் மட்டும் பனி கொட்டினாலும் புலி நின்றாலும் போய்ச் சேராமல் விடமாட்டார்.

இந்தக் குடிசை வாழ்க்கையில் எழுந்ததுதான் சா ஜிங் என்னும் தேநீர் நூல். 760 வாக்கில் தொடங்கி, திருத்தித் திருத்தி, 780 வாக்கில் முழு வடிவம் பெற்றது என்பார்கள். மூன்று பாகம், பத்து அத்தியாயம், ஏறக்குறைய 7,000 சீன எழுத்து. இவ்வளவு சின்ன நூலில் அவர் முதலில் எதைப் பேசுகிறார் என்று பாருங்கள். செடி, அதற்கடுத்துக் கொழுந்து பறிப்பவர் முதுகில் மாட்டும் மூங்கில் கூடை. துரைமார் எழுதிய தேயிலைப் புத்தகங்களில் கூடைக்கு இந்த மரியாதை கிடைத்து நாம் பார்த்ததில்லை. மழை நாளில் பறிக்கக்கூடாது. வெயில் அடித்தாலும் மேகம் இருந்தால் பறிக்கக்கூடாது. பறிப்பது, அவிப்பது, இடிப்பது, அச்சில் தட்டுவது, நெருப்பில் வாட்டுவது, கோப்பது, கட்டி மூடுவது. ஆக ஏழு வேலை. அந்தக் காலத்துத் தேயிலை, தூள் அல்ல. பலகாரம் போல அச்சில் தட்டிய வில்லை.

வில்லையின் தரத்தைப் பார்ப்பது எப்படி? பளபளப்பாகக் கறுப்பாகத் தட்டையாக இருப்பதே நல்லது என்பவன் கடைசித் தரத்து ஆள். சுருங்கி மஞ்சளாக மேடுபள்ளமாக இருப்பதே நல்லது என்பவன் அடுத்தவன். இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவன்தான் முதல் தரம். சாற்றைப் பிழிந்து எடுத்தால் பளபளக்கும், சாறு உள்ளே இருந்தால் சுருங்கும். அன்றைக்கே செய்தால் மஞ்சள், ராத்தங்கினால் கறுப்பு. அதாவது வில்லையைப் பார்த்தே, வேலை எப்படி நடந்தது என்பதைப் படித்துவிடுகிறார். வெறுமனே மென்று முகர்ந்து பார்ப்பது தரம் பார்ப்பதாகாது என்பதும் அவர் கட்சி.

தண்ணீரில் மலை ஊற்று முதல், ஆறு நடு, கிணறு கடைசி. கொதி மூன்று. மீன் கண் போலக் குமிழி வந்து மெல்லச் சத்தம் கேட்பது முதல் கொதி. அப்போது கொஞ்சம் உப்புப் போட வேண்டும். ஆமாம், உப்புத்தான், சர்க்கரையும் பாலும் இல்லை. ஓரத்தில் முத்துச்சரம் போல எழும்புவது இரண்டாம் கொதி. ஓர் அகப்பைத் தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு, மூங்கில் குச்சியால் சுழற்றி நடுவில் தேயிலைப் பொடியை விட வேண்டும். அலை புரள்வது மூன்றாம் கொதி. எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றி அடக்க வேண்டும். அதைத் தாண்டினால் கிழடு தட்டிய தண்ணீர், குடிக்க உதவாது. வெங்காயம், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுக் கொதிக்க வைப்பதைச் சாக்கடைத் தண்ணீரோடு சேர்த்துவிட்டார். தே ஆலியா பிரியர்கள் மன்னிக்க வேண்டும். இந்த ஒன்றில் நாம் லூ யூ கட்சி அல்ல.

விருந்தாளிக்குக் கொடுக்கவும் கணக்கு வைத்தார். ஒரு பானையில் முதல் மூன்று கிண்ணம்தான் உயிர். ஐந்துக்கு மேல் போகக்கூடாது. ஐந்து பேர் உட்கார்ந்தால் மூன்று கிண்ணம், ஏழு பேர் என்றால் ஐந்து கிண்ணம், கை மாற்றிக் குடிக்க வேண்டும். சூட்டோடு குடிக்க வேண்டும்; ஆறினால் சாரம் ஆவியோடு போய்விடும். பட்டணத்தில் பிரபு வீட்டில் என்றால் 24 பாத்திர சாமானில் ஒன்று குறைந்தாலும் தேநீர் கெட்டது என்றார். மலையில், மரத்தடியில், கல்லின் மேல் உட்கார்ந்து குடிப்பவனுக்கு அதில் பலவும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

பிரபு வீட்டில் அவருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். 760-களில் லீ ஜிசிங் என்ற பெரிய அதிகாரி தெற்கே சுற்றுப்பயணம் வந்தார். சாங் போசியோங் என்பவர் லூ யூவின் முறையைக் கற்று அலங்காரம் சேர்த்தவர். அவர் மஞ்சள் அங்கியும் கறுப்புத் தொப்பியும் அணிந்து, ஒவ்வொரு சாமானின் பெயரையும் விளக்கி, தேநீர் காய்ச்சிக் கொடுத்தார். கூடியிருந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அடுத்து லூ யூவுக்கு அழைப்புப் போனது. அவர் நாட்டுப்புற உடையில், தம் சாமான்களோடு வந்து உட்கார்ந்து, அதே வேலையை அதே வரிசையில் செய்தார். அதிகாரிக்கு மனசுக்குள் இளக்காரம். குடித்து முடித்ததும் வேலைக்காரனைக் கூப்பிட்டு, தேநீர் போட்டவனுக்கு முப்பது காசு கொடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டார்.

விருந்தாளியாக வந்தவனுக்குக் கூலி! அதுவும் எல்லார் முன்னிலையிலும். அந்த முறையைக் கண்டுபிடித்தவரே அவர். பக்கத்தில் நின்றவர் அவரிடம் கற்றவர். சட்டை ஒன்றுதான் வித்தியாசம். அவமானம் தாங்காமல் லூ யூ தேநீரையே பழித்து ஒரு கட்டுரை எழுதினார் என்று அந்நூற்றாண்டு அதிகாரி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கட்டுரை இன்று கிடைக்கவில்லை. வேலைக்காரனாக இருப்பது கேவலம் என்று நாம் சொல்லவில்லை. தோழர்களுக்கு அது தெரியும். கையில் காசை வைத்து நீ இவ்வளவுதான் என்று சொல்கிறார்களே, அந்த முப்பது காசைப் பெயர் மாற்றி எத்தனை ஆபீஸ் வாசலில் நாம் பார்த்திருக்கிறோம்.

இதே லீ ஜிசிங்கைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. 825 வாக்கில் வேறொருவர் எழுதியது. யாங்சி ஆற்றின் நடுவில் நான்லிங் என்ற இடத்துத் தண்ணீர் தேநீருக்குப் பேர் போனது. லூ யூவைக் கண்ட அதிகாரி, படகில் ஒரு படைவீரனை அனுப்பிக் குடத்தில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். லூ யூ அகப்பையால் மொண்டு பார்த்து, இது ஆற்றுத் தண்ணீர்தான், நான்லிங் தண்ணீர் அல்ல, கரைத் தண்ணீர் என்றார். நூறு பேர் பார்க்க நடு ஆற்றில் எடுத்தேன் என்று வீரன் சாதித்தான். லூ யூ பேசாமல் குடத்தைச் சாய்த்துப் பாதி கொட்டினார். மறுபடி மொண்டு, இனிமேல் இருப்பது நான்லிங் என்றார். வீரன் நடுங்கி உண்மையைச் சொன்னான். கரை சேரும்போது படகு ஆடிப் பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. குறைந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து கரையில் மொண்டு நிரப்பினானாம்.

ஒரே குடத்தில் இரண்டு தண்ணீர் கலக்காமலா இருக்கும்? பதினோராம் நூற்றாண்டில் ஓயாங் சியூ என்ற பெரிய அறிஞரும் இதை நம்ப மறுத்தார். நமக்கும் லூ யூவின் நாக்கைவிட அந்த வீரன்மேல்தான் கண் போகிறது. வாளியில் பால் குறைந்த அன்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு, நிறுக்கும் இடத்தில் நெஞ்சு படபடக்க நின்றவர்களை நாம் அறிவோம். அவன் தவறு செய்தான். ஆனால் சிந்திவிட்டது ஐயா என்று சொல்ல முடியாத அதட்டலும் அங்கே இருந்தது.

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. அதே 760-களில், ஹூஜோவுக்குப் பக்கத்து மாவட்டமான சாங்ஜோவில் லீ சியூன் என்பவர் ஆளுநர். அங்கே யாங்சியன் மலை. இன்றைக்கு யீசிங் என்பார்கள். செம்மண் தேநீர்க் குடுவைக்குப் பேர் போன அதே ஊர்தான். அந்த மலையில் இருந்த பிக்கு ஒருவர் நல்ல தேயிலை கொண்டுவந்து கொடுத்தார். ஆளுநர் விருந்தாளிகளைக் கூட்டி, எல்லாருக்கும் ருசி பார்க்கக் கொடுத்தார். அந்தச் சபையில் லூ யூவும் இருந்தார். குடித்துவிட்டு, மணத்திலும் சுவையிலும் மற்ற ஊர்த் தேயிலையை எல்லாம் இது மிஞ்சும், அரசருக்கே அனுப்பலாம் என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். ஆளுநர் பத்தாயிரம் லியாங், நம் கணக்கில் ஏறத்தாழ 400 கிலோ, அரசருக்கு அனுப்பினார். அடுத்த வருஷமும் போயிற்று. அளவு கூடிக்கொண்டே போய், வரி போலவே ஆகிவிட்டது. 770-இல் பக்கத்திலிருந்த கூஜூ மலையில், ஹூஜோ எல்லையில், அரண்மனைக்கென்றே தேயிலைக் கொட்டகை எழுந்தது. 813-இல் முடிந்த அரசாங்க நூல் ஒன்று, கூஜூவில் வருஷா வருஷம் 30,000 பேர் வேலைக்குப் பிடிக்கப்பட்டு மாதக்கணக்கில் உழைத்ததாகச் சொல்கிறது. முதல் தேயிலை, நம் சீன அண்டைவீட்டார் செங் பெங் என்று மயானத்துக்குப் போகிறார்களே, அந்தத் திருநாளுக்குள் தலைநகரம் சாங்ஆன் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஏப்ரல் தொடக்கம் அது. மலையில் குளிர் விடாத நேரம். கொழுந்து அப்போதுதான் கண் திறக்கும். குதிரை மாற்றிக் குதிரை மாற்றி இரவு பகலாக ஓட்டினார்கள்.

780-களில் ஹூஜோ ஆளுநராக இருந்த யுவான் காவ் என்பவர் இந்த வேலையை நேரில் பார்த்து மனம் பொறுக்காமல் அரசருக்கே கவிதையாக எழுதி அனுப்பினார். உழவர்கள் ஏரைப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு மலை ஏறியதையும், கை கால் வெடித்ததையும், இடிக்கும் சத்தம் ராப்பகலாகக் கேட்டதையும் அதில் சொன்னார். அதிகாரிகளில் இப்படி ஒருவர் அபூர்வம்.

லூ யூ அப்போது உயிரோடுதான் இருந்தார், அந்த மலைக்குப் பக்கத்திலேயே. கக்கூசு கழுவியவர், ஓடு சுமந்தவர், முதுகில் பிரம்படி பட்டவர். கூடைக்கும் தம் நூலில் இடம் கொடுத்தவர். தம் வாயிலிருந்து வந்த ஒரு நல்ல வார்த்தை இத்தனை பேர் தலையில் பாரமாக இறங்கியதை அறியாமலா இருந்திருப்பார்? இதைப் படிக்கும்போது நமக்கு அவர்மேல் கோபமும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. எது முந்துகிறது என்று கேட்டால், நாளுக்கு நாள் மாறுகிறது. ருசி பார்த்தவர் அவர். கணக்கை ஏற்றியவர்கள் வேறு ஆட்கள் என்பதையும் மறக்கக்கூடாது. நல்ல சரக்கு என்று பேர் வாங்கிய தோட்டத்தில்தான் அடுத்த மாதம் அளவு கூடும். கேமரன் மலையில் 1929-இல் தேயிலை போட்ட நாள் முதல் கொழுந்து எடுத்த நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

பிறகு அரண்மனையிலிருந்து பட்டத்து இளவரசருக்குத் துணையாக உத்தியோகம் கொடுத்தார்கள், போகவில்லை. வேறு பதவி கொடுத்தார்கள், அதற்கும் போகவில்லை. 773-இல் யான் சென்சிங் என்ற புகழ்பெற்ற எழுத்தோவியர் ஹூஜோ ஆளுநராக இருந்தபோது, அவர் தொகுத்த பெரிய அகராதி வேலையில் மட்டும் கூட இருந்து உழைத்தார். வளர்த்த பிக்கு இறந்த செய்தி வந்தபோது தேம்பி அழுதாராம். பொன் கிண்ணமும் வேண்டாம், பதவியும் வேண்டாம், ஜிங்லிங்கை நோக்கி ஓடும் ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்ற பொருளில் ஒரு பாட்டும் எழுதினார். பிரம்படி கொடுத்த மடம்தான். ஆனாலும் வேறு வீடு அவருக்கு ஏது?

804-இல் ஹூஜோவில் காலமானார். பக்கத்து மலையில், தோழர் ஜியாவ்ரான் சமாதி இருக்கும் இடத்திலேயே புதைத்தார்கள்.

தேயிலை வியாபாரிகள் அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள். வடக்கே குயவர்கள் லூ யூ உருவத்தில் சின்ன மண் பொம்மை செய்தார்கள். தேநீர் சாமான் பல வாங்கினால் பொம்மை ஒன்று இனாம். கடைக்காரர்கள் அதை அடுப்பங்கரையில் வைத்துக் கும்பிட்டார்கள். வியாபாரம் ஓடாத நாளில், கொதிக்கிற வெந்நீரை எடுத்து அந்தப் பொம்மையின் தலையில் ஊற்றினார்கள்.